மூன்றாவது டவுனில் ஏன் எறிந்தார்கள்? வெள்ளிக்கிழமை இரவு கேலரி விவாதங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டல்லாஸின் வடக்குப் புறநகர் ஒன்றில் வசிக்கிறோம். மகன் உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணியில் வலது கார்டாக, அதாவது முன்வரிசையில் நடு ஆளுக்கு வலப்பக்கம் நின்று எதிரணியைத் தடுப்பவனாக ஆடுகிறான். இது அவனுக்கு மூன்றாவது பருவம். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் வரை வெள்ளிக்கிழமை இரவென்றால் நானும் மனைவியும் கேலரியில்தான் இருப்போம். எங்களைச் சுற்றித் தமிழ்க் குடும்பங்கள் பல உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் அவர்களுடைய பிள்ளைகள் இடைவேளையில் வாசிக்கும் பேண்டு குழுவில் இருப்பார்கள். "மைதானத்தில் நடப்பதுகூடப் பாதி புரிந்துவிடுகிறது, கேலரியில் நடக்கும் சண்டைதான் புரியவில்லை" என்று அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும், நான் சொன்ன பதில்களும் கீழே.

இந்த ஆட்டத்தை நான் பார்த்ததே இல்லை. விவாதம் புரிய எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

கொஞ்சம் போதும். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். ஒவ்வொன்றும் ஒரு டவுன். அந்த நான்குக்குள் 10 யார்டு முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து அதே இடத்தில் எதிரணிக்குப் போய்விடும். அதனால்தான் நான்காவது டவுனில் பெரும்பாலான அணிகள் பந்தைத் தூரமாக உதைத்து அனுப்பிவிடுகின்றன. அதற்குப் பெயர் பன்ட். பந்தோடு எதிரணி முனையின் எல்லைக் கோட்டைக் கடந்தால் டச்டவுன், 6 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி கூடும். உதைக்காமல் 3 யார்டு கோட்டிலிருந்து ஓடியோ எறிந்தோ மறுபடி எல்லைக்குள் போனால் 2 புள்ளி. ஆட்டத்தின் நடுவே உதைத்துப் பெறும் ஃபீல்ட் கோலுக்கு 3 புள்ளி. 12 நிமிடம் கொண்ட நான்கு கால்பகுதிகள்.

"மூன்றாவது டவுன், 2 யார்டு" என்று ஒலிபெருக்கியில் கேட்டால், இன்னும் 2 யார்டு வேண்டும், இரண்டு வாய்ப்பு போய்விட்டது என்று பொருள். கேலரியில் வெடிக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாவது, நான்காவது டவுன்களில் பிறக்கின்றன.

ஏன் வெள்ளிக்கிழமை இரவிலேயே எல்லாப் பள்ளிகளும் ஆடுகின்றன?

பள்ளி முடிந்த இரவு, மறுநாள் விடுமுறை என்பது முதல் காரணம். சட்டத்தின் காவலும் அதற்கு உண்டு. 1961இல் வந்து, 1966இல் பள்ளி ஆட்டங்களுக்கும் விரிந்த விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை வெள்ளி இரவுகளிலும் சனிக்கிழமைகளிலும் தொழில்முறை ஆட்டங்களின் ஒளிபரப்பு பள்ளி, கல்லூரி ஆட்டங்களோடு மோதாதபடி ஒதுங்கி நிற்க வைத்தது. அந்த இடைவெளியில் வளர்ந்ததுதான் இந்தக் கூட்டம். எங்களுக்கு அருகிலுள்ள ஆலன் நகரின் பள்ளி 2012இல் திறந்த மைதானத்துக்கு ஆன செலவு சுமார் 6 கோடி டாலர். 18,000 பேர் உட்காரலாம். இவ்வளவு பேர் சேரும் இடத்தில் விவாதம் மெல்லிய குரலில் நடக்காது.

'பிளே' என்கிறார்களே, அதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? பந்தை எறியும் அந்தப் பையன் தானாக முடிவு செய்கிறானா?

பிளே என்பது பதினொரு பேரும் அந்த ஒரு டவுனில் எங்கே நிற்பது, யாரைத் தடுப்பது, யார் ஓடுவது, பந்து யாரிடம் போவது என்று முன்கூட்டியே வகுத்த ஒரு நகர்வு. கேலரியின் உச்சியிலுள்ள கண்ணாடி அறையில் ஓர் உதவிப் பயிற்சியாளர் உட்கார்ந்திருப்பார். தடுப்பு அணி எப்படி நிற்கிறது என்பதை மேலிருந்து பார்த்துக் காதில் மாட்டிய கருவி வழியே கீழே சொல்வார். கீழே நிற்பவர் பிளேயைத் தேர்ந்தெடுப்பார். பிறகு கையசைவிலோ, படம் ஒட்டிய பெரிய அட்டைகளிலோ, குவார்ட்டர்பேக்கின் (ஒவ்வொரு பிளேயிலும் பந்தை முதலில் வாங்கி, கொடுப்பவன் அல்லது எறிபவன்) மணிக்கட்டுப் பட்டையில் அச்சிட்ட எண்களிலோ அது மைதானத்துக்குள் போகும். மொத்தம் 40 வினாடிக்குள் இவ்வளவும் நடந்து பந்து கைமாறிவிட வேண்டும்.

டெக்சாஸில் பள்ளி விளையாட்டுகளை நடத்தும் யு.ஐ.எல். அமைப்பின் விதிப்படி இந்தப் பயிற்சியாளர்கள் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியர்களாக இருக்க வேண்டும். இரவு எட்டரை மணிக்கு ஆயிரக்கணக்கானோர் வைகிற மனிதர், அன்று காலை எட்டரை மணிக்கு வகுப்பில் வரலாறு நடத்திவிட்டு வந்தவராக இருக்கலாம்.

"2 யார்டுக்குப் போய் ஏன் எறிந்தான்?" என்று போன வாரம் எல்லோரும் கத்தினார்களே. அது பயிற்சியாளரின் தவறுதானே?

இந்தக் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். நானும் அன்று எழுந்து நின்று கத்தியவன்.

மூன்றாவது டவுன், 2 யார்டு. எங்கள் பையன்கள் அதுவரை நடுவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தார்கள். குவார்ட்டர்பேக் பந்தை ஓட்டக்காரனின் வயிற்றோடு ஒட்டிக் கொடுப்பதுபோலக் கொண்டுபோனான். கொடுக்காமல் பின்னால் இழுத்து எறிந்தான். பந்து பிடிப்பவனின் விரல்களில் பட்டுக் கீழே விழுந்தது. எனக்குப் பின்வரிசையில் எழுபதுகளில் ஆடிய ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்துக்கொண்டார். அவர் காலத்தில் மூன்று முறை ஓடுவார்கள், வேண்டுமானால் நான்காவது முறையும் ஓடுவார்கள்.

இரவு பதினொரு மணிக்கு வாட்டாபர்கர் கடையில் மகன் எதிரே உட்கார்ந்தான். முடி இன்னும் காயவில்லை, முழங்கையில் புல் நிறம். "ஏன் எறியச் சொன்னார்கள்?" என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் ஐந்து கெட்ச்அப் பொட்டலங்களை மேசையில் வரிசையாக வைத்தான். "இது நாங்கள், முன்வரிசை ஐந்து பேர்." எதிரே உப்புக் குப்பியை வைத்தான். "இவன் லைன்பேக்கர், எதிரணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் தடுப்பாளன். அப்பா, எறியச் சொல்லவே இல்லை. எங்கள் ஐந்து பேருக்கும் ஓட்டம்தான் பிளே. நான் முன்னே பாய்ந்து தடுத்தேனா இல்லையா?" பாய்ந்திருந்தான், நான் பார்த்தேன். "இந்த உப்பு நின்ற இடத்தில் நின்றால் பந்தை ஓட்டக்காரனிடம் கொடுக்க வேண்டும். உள்ளே ஓடி வந்தால் அவன் விட்டுவிட்டு வந்த இடம் காலி. அங்கே எறிய வேண்டும். அவன் வந்தான். இவன் எறிந்தான். சரியாகத்தான் எறிந்தான், கையில் நிற்கவில்லை."

அதற்கு ஆர்.பி.ஓ. என்று பெயர்: ஓட்டமா எறிதலா என்பதைப் பந்து நகர்ந்த பிறகு, ஒரே ஒரு தடுப்பாளரின் காலடியைப் பார்த்துக் குவார்ட்டர்பேக் முடிவு செய்யும் பிளே. இன்றைய பள்ளி ஆட்டங்களில் இது சர்வசாதாரணம். பயிற்சியாளர் கேட்டது ஒரு கேள்வி. பதில் சொன்னது பதினாறு வயதுப் பையனின் கண். கண் சரியாகப் பார்த்தது, கை சரியாக எறிந்தது, இன்னொரு கை நழுவவிட்டது. கேலரியில் இருந்த எங்களுக்குத் தெரிந்ததோ கீழே விழுந்த பந்து மட்டும்.

ஆகவே யாராவது "மோசமான பிளே" என்று சொன்னால் நான் மனதுக்குள் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். பிளேயே தவறா, பையன் பார்த்தது தவறா, சரியாகப் பார்த்தும் செய்து முடிக்க முடியவில்லையா? முதலாவதைப் பற்றி மட்டும்தான் பயிற்சியாளரோடு சண்டை போட நமக்கு உரிமை இருக்கிறது. என் அனுபவத்தில் கேலரி கொதிக்கும் தருணங்களில் அந்த முதலாவது மிகக் குறைவு.

ஒரே பிளேயைத் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள். வேறு எதுவும் தெரியாதா?

தெரியும்; ஆனால் எத்தனை தெரிய வேண்டும் என்பதைக் கடிகாரம் முடிவு செய்கிறது. டெக்சாஸில் பள்ளி நடக்கும் வாரத்தில் வகுப்பு நேரத்துக்கு வெளியே ஓர் அணி 8 மணி நேரம்தான் பயிற்சி எடுக்கலாம். முழு வேகத்தில் மோதிப் பழகுவதற்கு, தலைக்காயங்களைக் குறைப்பதற்காக, 2013 முதல் ஒரு பையனுக்கு வாரத்துக்கு 90 நிமிடம் என்ற வரம்பும் இருக்கிறது. அந்த நேரத்துக்குள் அறுபது பிளேக்களை அரைகுறையாகக் கற்பிப்பதா, பன்னிரண்டைத் தூக்கத்தில் எழுப்பினாலும் ஆடும்படி கற்பிப்பதா? நான் இரண்டாவதன் பக்கம்.

இதற்கு என்னிடம் இருக்கும் பெரிய சாட்சி கலிபோர்னியாவின் கான்கார்ட் நகரிலுள்ள டி லா சால் பள்ளி. பாப் லடூசர் பயிற்றுவித்த அந்த அணி 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 151 ஆட்டங்களை வென்றது. வீர் எனப்படும் பழைய ஓட்ட முறைதான் அவர்களுடைய அடித்தளம். குவார்ட்டர்பேக் வரிசையை ஒட்டி நகர்ந்து, எதிரே வருபவனைப் பார்த்துக் கொடுப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வான். எதிரணிகளுக்கு என்ன வரப்போகிறது என்பது தெரியும். தெரிந்தும் தடுக்க முடியவில்லை, ஏனென்றால் ஐந்து முன்வரிசைப் பையன்களும் ஒரே நொடியில் ஒரே உயரத்தில் எழுந்து பாய்ந்தார்கள். 2004 செப்டம்பரில் சியாட்டிலில் அந்தத் தொடரை 39-20 என்று முடித்த பெல்வியூ பள்ளியும் விங்-டி என்ற இன்னொரு பழைய ஓட்ட முறையைத்தான் ஆடியது.

திரும்பத் திரும்ப ஆடுவதில் இன்னொரு நோக்கமும் உண்டு. இடப்பக்கம் நான்கு முறை ஓடினால், ஐந்தாவது முறை தடுப்பாளர் தன்னை அறியாமல் ஓர் அடி இடப்பக்கம் சாய்ந்துவிடுவான். அந்த ஓர் அடிக்காகத்தான் முதல் நான்கும். இரண்டாம் கால்பகுதியில் "வீண்" என்று நாம் சொன்ன ஓட்டத்துக்கு நான்காம் கால்பகுதியில் பலன் கிடைப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எப்போதும் மைதானத்தின் ஒரே பக்கமாக ஓடுவதுபோலத் தெரிகிறதே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். புல்லில் நீளவாக்கில் இரண்டு வரிசையாகச் சிறு கோடுகள் இருக்கும். ஒரு பிளே ஓரத்தில் முடிந்தால், அடுத்த பிளேக்குப் பந்தை அந்தக் கோட்டுக்குக் கொண்டுவந்து வைப்பார்கள். தொழில்முறை மைதானத்தில் அந்தக் கோடுகள் நடுவில் நெருங்கியிருக்கும். உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் அவை 160 அடி அகலத்தை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. பந்து இடக்கோட்டில் இருந்தால் இடப்பக்கம் 53 அடி, வலப்பக்கம் அதைப்போல இருமடங்கு. வேகமான பையனுக்கு அகலம் வேண்டும். அதனால் அகலமான பக்கம் ஓடுகிறார்கள். எதிரணியும் அதை எதிர்பார்த்து அந்தப் பக்கம் ஓர் ஆளைக் கூட்டி வைக்கும்போது குறுகிய பக்கம் போகும் பயிற்சியாளரை எனக்குப் பிடிக்கும்.

நான்காவது டவுனில் 1 யார்டுதான் வேண்டும். அதற்கும் பன்ட் செய்கிறார்களே?

இதில் நான் கேலரியின் பக்கம்.

ஆர்கன்சாஸின் லிட்டில் ராக் நகரில் புலாஸ்கி அகாடமி என்ற பள்ளியின் பயிற்சியாளராக இருந்த கெவின் கெல்லி, ஏறக்குறைய பன்ட்டே செய்வதில்லை என்று முடிவெடுத்து ஆடியவர். டச்டவுன் போட்டபின் எதிரணிக்குப் பந்தைத் தூரமாக உதைத்துத் தருவதற்குப் பதிலாக, 10 யார்டு மட்டும் உருளவிட்டுத் தம் பையன்களையே பாய்ந்து பிடிக்கச் சொல்வார். அதுதான் ஆன்சைட் கிக். 2011இல் ஓர் ஆட்டத்தில் எதிரணியின் தாக்கும் வரிசை களமிறங்குவதற்குள் 29-0 என்று முன்னிலை பெற்றார். 2003 முதல் 2020 வரை ஒன்பது மாநிலப் பட்டங்கள். அவர் சொன்ன கணக்கு எளிது: மூன்று வாய்ப்பில் 10 யார்டு எடுப்பதைவிட நான்கு வாய்ப்பில் எடுப்பது சுலபம், நான்காவதையும் நாமாகவே ஏன் விட்டுத்தர வேண்டும்? பெர்க்லி பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் டேவிட் ரோமரும் தொழில்முறை ஆட்டங்களை ஆராய்ந்து, நான்காவது டவுனில் அணிகள் அளவுக்கு மீறித் தயங்குகின்றன என்று 2006இல் வெளியான கட்டுரையில் காட்டினார்.

ஆனால் கெல்லியை எடுத்துக்காட்டாகச் சொல்லும்போது முழுக்கதையையும் சொல்ல வேண்டும். மூன்றாவது டவுனில் எந்த பிளே என்பதையே நான்காவதும் தம்முடையது என்று வைத்துத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். வாரம் முழுக்கப் பையன்கள் அதற்கே பழகினார்கள். அதே முறையோடு 2021இல் தென் கரோலினாவின் பிரஸ்பிட்டேரியன் கல்லூரிக்குப் போனார். 2 வெற்றி, 9 தோல்வி, ஒரே பருவத்தில் விலகினார். அந்த முறை அவருடைய பள்ளிக்குப் பொருந்தியது. பன்ட்டையே நம்பி வாரம் முழுவதும் பயிற்சி எடுத்த அணியிடம் திடீரென்று ஓர் இரவு "துணிந்து ஆடு" என்று கத்தினால் அந்தப் பையன்களுக்கு அது புது ஆட்டம்.

இருந்தாலும் ஒரே ஒரு யார்டு, நடு மைதானம், முன்வரிசை நன்றாகத் தள்ளுகிறது என்றால், ஆடத்தான் வேண்டும். பள்ளிப் பன்ட் அவ்வளவு நம்பகமானதும் அல்ல. பந்தைக் கால்களுக்கிடையே பின்னால் அனுப்புபவனும் பையன். பிடித்து உதைப்பவனும் பையன்.

14 புள்ளி பின்தங்கியிருந்து ஒரு டச்டவுன் போட்டதும் 2 புள்ளிக்கு முயன்றார்கள். கேலரியே திட்டியது. அது முட்டாள்தனமா?

இல்லை. கேலரி பெரும்பாலும் தப்பாகச் சொல்லும் கணக்கு இது.

8 புள்ளி பின்தங்கியிருக்கிறோம். இன்னொரு டச்டவுன் போடுவோம், எதிரணி இனி எதுவும் போடாது என்று வைத்துக்கொள்வோம். அப்படி நடக்காவிட்டால் எப்படியும் தோல்விதான். 2 புள்ளி முயற்சி இரண்டில் ஒருமுறை பலிக்கும், 1 புள்ளி உதை தவறவே தவறாது, கூடுதல் நேரத்தில் வெற்றி பாதிக்குப் பாதி என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டு முறையும் உதைத்தால் ஆட்டம் சமன்; வெல்லும் வாய்ப்பு 100க்கு 50. இப்போதே 2 புள்ளிக்கு முயன்றால்? பலித்தால் 6 பின்தங்கியிருப்போம்; அடுத்த டச்டவுனும் உதையும் சேர்ந்தால் நேரடி வெற்றி. அது 50. பலிக்காவிட்டால் அடுத்த முறை மீண்டும் முயன்று சமன் செய்யலாம். அந்தப் பாதியின் பாதி 25, அதில் கூடுதல் நேரத்தில் வெல்வது 12.5. மொத்தம் 62.5.

பள்ளி ஆட்டத்தில் உதையும் அடிக்கடி தவறும் என்பதால் கணக்கு இன்னும் அதே பக்கம் சாயும். முதல் முயற்சி தோற்றால் தெரிந்துகொண்டு திட்டமிட நேரம் இருக்கிறது என்பதுதான் இதன் உயிர். கடைசியில் தெரிந்துகொண்டு என்ன செய்வது?

முன்னிலையில் இருக்கும்போது ஏன் பயந்துபோய் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்?

எறிந்து தவறினால் கடிகாரம் நிற்கும். மைதானத்துக்குள் ஓடி விழுந்தால் ஓடிக்கொண்டே இருக்கும். எதிரணிக்கு டைம்அவுட் (கடிகாரத்தை நிறுத்தும் வாய்ப்பு) மிச்சமில்லை என்றால், மூன்று முறை பந்தோடு முழங்காலிட்டு பிளேயை முடித்தே ஏறக்குறைய 2 நிமிடத்தைக் கரைக்கலாம். பயம் எப்போது என்றால், இரண்டாம் பாதி தொடங்கியதுமே இப்படிப் பதுங்குவது. அப்போது கத்துங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.

உள்ளூர்க்காரர்கள் இன்னும் 1994 ஆட்டம் என்று பேசுகிறார்களே, என்ன அது?

எங்கள் பகுதியில் பிளே தேர்வு பற்றிய விவாதங்களுக்கெல்லாம் தாய் அது. 1994 நவம்பர் 26, இர்விங்கில் அப்போதிருந்த டெக்சாஸ் ஸ்டேடியம். பிளேனோ ஈஸ்ட் பள்ளிக்கும், டல்லாஸுக்குக் கிழக்கேயுள்ள டைலர் நகரின் ஜான் டைலர் பள்ளிக்கும் பிளேஆஃப் ஆட்டம், அதாவது தோற்றவர் வெளியேறும் சுற்று. (2020இல் பெயர் மாறி இப்போது அது டைலர் உயர்நிலைப் பள்ளி.) மூன்று நிமிடச் சொச்சம் மிச்சமிருக்கும்போது ஜான் டைலர் 41-17 என்று முன்னிலையில் இருந்தது. மக்கள் எழுந்து கார் நிறுத்துமிடத்துக்குப் போகத் தொடங்கும் நேரம்.

பிளேனோ ஈஸ்ட் ஒரு டச்டவுன் போட்டது. ஆன்சைட் கிக், பந்து அவர்களுக்கே. மீண்டும் டச்டவுன், மீண்டும் ஆன்சைட் கிக், மீண்டும் அவர்களுக்கே. மூன்றாவது முறையும் அப்படியே. நான்காவது டச்டவுன் விழுந்தபோது 44-41. பிளேனோ ஈஸ்ட் முன்னிலை, மிச்சம் 24 வினாடி.

இப்போது உதைக்க வேண்டும். எப்படி? மூன்று முறை உருட்டிவிட்டாகிவிட்டது. இந்த முறை தூரமாக உதைத்தார்கள். ஜான் டைலரின் ரோட்ரிக் டன் 3 யார்டு கோட்டருகே பந்தைப் பிடித்து 97 யார்டு ஓடினார். 48-44. ஜான் டைலர் அந்த ஆண்டு மாநிலப் பட்டத்தையும் வென்றது.

முப்பது ஆண்டுகளாக ஊர் கேட்கும் கேள்வி: தூரமாக உதைத்திருக்கலாமா? "பார், தொடவிடாமல் ஓடிவிட்டான், தப்புதான்" என்பது பதிலாகாது. விளைவை வைத்துத் தீர்ப்புச் சொன்னால் உலகில் எந்த முடிவும் தேறாது. பந்து காலை விட்டுப் போகும் நொடியில் என்ன தெரிந்திருந்தது என்று பார்க்க வேண்டும். தூரமாக உதைத்தால் எதிரணி ஏறக்குறைய முழு மைதானத்தையும் 24 வினாடியில் கடக்க வேண்டும். பத்தில் ஒரு முறைகூட அது நடக்காது. மறுபடி சற்றுத் தூரமே உருளவிட்டால், நடு மைதானத்தில் பந்து கிடைத்து, இரண்டு எறிதலில் ஃபீல்ட் கோல் தூரத்துக்கு வந்து சமன் செய்திருக்கலாம். ஆகத் தூரமாக உதைத்ததில் நியாயம் இருந்தது.

இருந்தும் நானாக இருந்தால் தரையோடு வேகமாக, நீளமாக உருட்டச் சொல்லியிருப்பேன். காரணம் பந்து அல்ல, கால்கள். அந்தப் பையன்கள் மூன்று நிமிடத்துக்குள் நான்கு டச்டவுனுக்கு ஓடி, மூன்று முறை பந்தின்மேல் குவியலாக விழுந்து எழுந்திருந்தார்கள். மைதானம் முழுவதும் பரவி ஓடித் துரத்த அவர்களிடம் என்ன மிச்சம் இருந்திருக்கும்? தூரமாக உதைக்கும் பிளேக்கு முக்கியத் தேவை துரத்தும் கால்கள். மேலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. பக்கத்தில் நின்று அந்த மூச்சைக் கேட்பவருக்குத் தெரியும். இன்னொருவர் அதே மூச்சைக் கேட்டு வேறு முடிவுக்கு வரலாம். இந்த விவாதத்தை நான் எவ்வளவு முறை கேட்டாலும் எழுந்து போக மாட்டேன்.

ஃபீல்ட் கோல் ஏன் இவ்வளவு குறைவு?

கோல் கம்பங்களின் இடைவெளி பள்ளியில் 23 அடிக்குமேல், தொழில்முறையில் பதினெட்டரை அடி, அப்படியும் கடினம். நல்ல உதைப்பவன் எல்லாப் பள்ளியிலும் இருப்பதில்லை. இருக்கும் பள்ளியில் பெரும்பாலும் அவன் ஐரோப்பியக் கால்பந்து ஆடும் பையன்.

"அவனை எடுத்துவிட்டு அடுத்தவனைப் போடு" என்று கத்தலாமா?

கூடாது. பிளேயைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், பயிற்சியாளரைப் பற்றியும் பேசுங்கள். அவர் சம்பளம் வாங்கும் பெரியவர், தாங்குவார். பையனின் பெயரையோ எண்ணையோ வாயில் எடுக்காதீர்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன பருவத்தில் ஒரு மழை இரவு. எங்கள் குவார்ட்டர்பேக் இரண்டாவது முறையாகப் பந்தை எதிரணியின் கையிலேயே எறிந்துவிட்டான். எங்களுக்கு மேலே எங்கிருந்தோ அவன் எண்ணைச் சொல்லி ஒரு குரல் வந்தது, பிறகு பல குரல்கள். எனக்கு இரண்டு வரிசை கீழே அவனுடைய அம்மா. சட்டையில் மகனின் படம் போட்ட வட்ட பேட்ஜ் குத்தியிருந்தார். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கைகளாலும் அந்த பேட்ஜை மூடிக்கொண்டார், குளிருக்கு நெஞ்சைப் பொத்திக்கொள்வதுபோல. என் மனைவி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆட்டம் முடியும்வரை இருவரும் ஒரு வார்த்தை பேசியதாகத் தெரியவில்லை.

என் மகனும் அணியில் இருக்கிறான். ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளரிடம் நேரே போய்க் கேட்கலாமா?

ஒரு நாள் பொறுங்கள். பல பள்ளிகள் 24 மணி நேரம் கழித்துத்தான் பேச வேண்டும் என்பதை எழுதியே வைத்திருக்கின்றன; நல்ல வழக்கம். அதன் பிறகும் உங்கள் மகனைப் பற்றிக் கேளுங்கள்: எதில் தேற வேண்டும், எப்படிப் பயிற்சி எடுக்க வேண்டும் என்று. பிளே தேர்வு பற்றியோ இன்னொருவர் பிள்ளையைப் பற்றியோ அவர் உங்களிடம் பேச மாட்டார்.

ஆட்டம் நன்றாகப் புரிய எங்கே உட்கார வேண்டும்? எதைப் பார்க்க வேண்டும்?

நடுவில் கீழ்வரிசை டிக்கெட்டுக்குத்தான் போட்டி. நீங்கள் மேலே ஏறுங்கள், முடிந்தால் மைதானத்தின் மூலைப் பக்கமாக. அங்கிருந்து முன்வரிசையின் இடைவெளிகள் கதவுகள்போலத் திறந்து மூடுவது தெரியும்.

பந்தைப் பார்க்காதீர்கள். முதல் ஒரு நொடி, நடுவில் குனிந்திருப்பவனுக்கு இருபுறமும் நிற்கும் கார்டுகளைப் பாருங்கள். கார்டு தலையைத் தாழ்த்தி முன்னே பாய்ந்தால் ஓட்டம். நிமிர்ந்து பின்னே ஓர் அடி வைத்தால் எறிதல். வரிசையை விட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடினால், பந்து அவன் பின்னாலேயே வரப்போகிறது. கார்டு பாய்ந்து தடுத்துக்கொண்டிருக்கும்போதே பந்து காற்றில் பறந்தால், பெரும்பாலும் அது எங்கள் பையன் உப்புக் குப்பியை வைத்துக் காட்டிய பிளே.

எங்கள் மைதானத்துக்கு வந்தால் வலது கார்டைப் பாருங்கள். ஒவ்வொரு பிளேக்கு முன்னும் இடது கையால் தரையை ஒருமுறை தட்டுவான்.